கூழ் வடாம் வெடிக்குது, பொரிச்சா நடுவுல கல்லு மாதிரி நிக்குது (திருவான்மியூர் மொட்டை மாடி)

மாடிப்படி_41:

வணக்கம். கூழ் வடாம் ரெண்டு ஞாயித்துக்கிழமை போட்டுப் பார்த்தாச்சு. ரெண்டு தடவையும் பாதிக்கு மேல வீண். எங்க தப்புன்னு அளவோட சொல்லுங்க, மூணாவது தடவையாவது ஒழுங்கா வரணும்.

செஞ்சது இதுதான். பாக்கெட் இடியாப்ப மாவு 4 டம்ளர் (200 மில்லி டம்ளர்), தண்ணி 10 டம்ளர், ஜவ்வரிசி ஒரு கைப்பிடி, ஊற வைக்காம அப்படியே கொதிக்கிற தண்ணில போட்டது. பச்சை மிளகாய் 12, சீரகம், பெருங்காயம், தூள் உப்பு 6 டீஸ்பூன். ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு தண்ணியோட சேர்த்தே கொதிக்க விட்டேன். மாவு போட்டு அஞ்சு நிமிஷம் கிளறி இறக்கினேன்.

எங்க குடியிருப்புல மொட்டை மாடிக் கதவை எட்டு மணிக்குத்தான் திறப்பாங்க. ஆறு மணிக்குக் கிளறின கூழ் எட்டரைக்கு அச்சுல இறங்கவே மாட்டேங்குது, கை வலிதான் மிச்சம். தேன்குழல் அச்சுல முறுக்கு மாதிரி சுத்திச் சுத்தி, மெல்லிசான பிளாஸ்டிக் ஷீட்ல பிழிஞ்சேன். பதினோரு மணிக்கெல்லாம் மேல விரிசல். முதல் தடவை சாயந்திரம் ஆறரைக்கு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டேன். ரெண்டாவது தடவை மேல துணி போட்டு ராத்திரி மாடியிலேயே விட்டேன், மறுநாள் லேசா புளிச்ச வாடை. பொரிச்சா ஓரம் பூக்குது, நடு கடிக்க முடியலை. சிலது செவந்து போகுது. உப்பும் தூக்கல்.

கத்திரி வரட்டும், அந்த வெயில்ல போட்டாத்தான் சரியா வரும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. அதுவரைக்கும் நிறுத்தி வைக்கணுமா?

கூழ்க்கரண்டி:

கத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். உங்க வடாம் கெட்டது அடுப்புலதான், வெயில் மேல பழி போட முடியாது. அஞ்சு நிமிஷத்துல கூழ் வேகாது. அதுதான் முதல் தப்பு, மத்தது எல்லாம் அதுக்கு அப்புறம்.

அரிசி மாவு முழுசா வெந்தாத்தான் பசை பிடிக்கும். அந்தப் பசைதான் காய்ஞ்ச பிறகு வடாமைச் சேர்த்துப் பிடிச்சு வைக்குது. வேகாத மாவு வெறும் சுண்ணாம்பு மாதிரி, தண்ணி போனதும் விட்டுடும், விரிசல் விழும். பொரிக்கும்போதும் அதே கதை. வடாமுக்குள்ள துளியூண்டு ஈரம் எப்பவும் இருக்கும். சூடான எண்ணெயில அது ஆவியாகித்தான் வடாமை ஊதுது. வெந்த மாவு ஊதி நிக்கும், வேகாத மாவு ஊதாது. நடுவுல கல்லு மாதிரி நிக்கறது வேகாத மாவுதான்.

அடுத்தது மாவு. இடியாப்ப மாவு பெரும்பாலும் வறுத்தது. அது தண்ணியை அதிகம் குடிக்கும், இழுவை வராது. நீங்க விட்டதோ ஒண்ணுக்கு ரெண்டரை. போதவே போதாது. பழைய பச்சரிசி வாங்கி, கழுவி, ஒரு மணி நேரம் ஊற வச்சு, வடிச்சு, நிழல்ல துணியில ஆற விட்டு மெஷின்ல நைசா அரைச்சுக்குங்க. மிளகாயோ கேழ்வரகோ அரைச்ச கையோட உங்க அரிசியைப் போட வேண்டாம்னு சொல்லுங்க, அரிசி அரைச்சு முடிச்ச பிறகு போடச் சொல்லுங்க. புது அரிசி வேண்டாம். கூழ் கொழகொழன்னு ஒட்டும், அச்சுல இருந்து இழை இழையா விழாது.

4 டம்ளர் மாவுக்கு அளவு சொல்றேன். அரை டம்ளர் மாவு ஜவ்வரிசியை (வெள்ளையா, ஒளி புகாம இருக்குமே அது, பாயசத்துக்குப் போடற நைலான் ஜவ்வரிசி இல்லை) ராத்திரியே 2 டம்ளர் தண்ணில ஊற வைங்க. காலையில ஆறு லிட்டர் அடிகனமான பாத்திரத்துல 8 டம்ளர் தண்ணி கொதிக்கட்டும். ஊறின ஜவ்வரிசியை அந்தத் தண்ணியோட கொட்டி, நடுவுல வெள்ளைப் புள்ளி மறையற வரைக்கும் வேக விடுங்க. அதுக்குள்ள மாவை 4 டம்ளர் பச்சைத் தண்ணில கட்டி இல்லாம கரைச்சு, மிளகாய் விழுது, பெருங்காயத் தண்ணி, 3 டீஸ்பூன் தூள் உப்பு சேர்த்து வைங்க. தீயைக் குறைச்சிட்டு, ஒரு கையால ஊத்திக்கிட்டே மறு கையால கிளறுங்க. மொத்தத்துல மாவு ஒண்ணுக்குத் தண்ணி மூணு, ஜவ்வரிசி குடிக்கறது தனி.

அப்புறம் பன்னெண்டு நிமிஷம். குறைச்ச தீ, நீளக் கைப்பிடிக் கரண்டி. கூழ் 'பொளக் பொளக்'னு தெறிக்கும், கையில பட்டா ஒட்டிக்கிட்டே சுடும். அதனால முழங்கை வரைக்கும் ஒரு துண்டைச் சுத்திக்குங்க. அப்புறம் மூடி போட்டு அஞ்சு நிமிஷம். பதம் பார்க்கறது இப்படி: முதல்ல கூழ் சுண்ணாம்பு வெள்ளையா, மங்கலா இருக்கும். வேக வேக அந்த வெள்ளை போய் ஒரு பளபளப்பு வரும், கொஞ்சம் கண்ணாடி மாதிரி. விரலைத் தண்ணில நனைச்சுத் தொட்டா ஒட்டக் கூடாது. ஒட்டினா இன்னும் வேகணும்.

எலுமிச்சம்பழத்தை இறக்கின பிறகுதான் பிழியணும். கொதிக்க விட்டா கசக்கும், புளிப்போட ரொம்ப நேரம் வெந்தா கூழ் நீர்த்தும் போகும். 4 டம்ளர் மாவுக்கு சின்னப் பழம் ரெண்டு. வெள்ளை வெளேர்னு வர்றதுக்கு அதுதான்.

உப்பு: கூழை நாக்குல வச்சா 'கொஞ்சம் குறைச்சலா இருக்கே'ன்னு தோணணும். தண்ணி முழுக்கப் போயிடும், உப்பு அப்படியே நிக்கும். 6 டீஸ்பூன் போட்டா அது வடாம் இல்லை, உப்புக் கண்டம்.

கீழ்க்காற்று:

அடுப்படிக் கணக்கை மேலே சொல்லிவிட்டார்கள். நான் மாடிக் கணக்கைச் சொல்கிறேன், திருவான்மியூருக்கு அது தனி.

சென்னையில் கோடையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, ஈரத்துக்கும் பஞ்சமில்லை. காலையில் தரைக்காற்று. பெரும்பாலான நாட்களில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். திருவான்மியூர், பெசன்ட் நகர், மயிலாப்பூர் பக்கம் அது முதலில் வந்து நிற்கும். அம்பத்தூர், ஆவடி, தாம்பரம் போய்ச் சேர நேரமாகும். நமக்கு இதமாக இருக்கிற அந்தக் காற்றுதான் வடாமுக்கு ஆகாது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. தாம்பரத்தில் ஐந்து மணி வரை காய விடலாம். உங்களுக்கு மூன்றரை, நான்கு மணிதான் எல்லை. ஆறரைக்கு எடுத்தீர்கள் என்றால், பகலில் விட்ட ஈரத்தில் ஒரு பங்கை வடாம் திரும்பக் குடித்துவிட்டது. அதை ஒன்றின் மேல் ஒன்றாக வேறு அடுக்கியிருக்கிறீர்கள்.

இரவு மாடியில் விடவே கூடாது. மேலே துணி போட்டால் பனி விழாது, ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தைத் துணி தடுக்காது. பாதி காய்ந்த கூழ் பத்து மணி நேரம் புழுக்கத்தில் கிடந்தால் புளிக்கும். மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாகப் பிரியும், அந்தச் சர்க்கரைதான் எண்ணெயில் சிவக்கிறது. வாடையும் செம்மையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. முதல் நாள் மாலை வடாமைக் கீழே கொண்டுவந்து, கூடத்தில் பாய் விரித்துப் பரப்பி, இரவு முழுக்க மின்விசிறியை ஓட விடுங்கள். மின் கட்டணம் பெரிதாக ஏறாது, ஒரு வடாமும் புளிக்காது.

எட்டு மணிக் கதவைப் பற்றி. சங்கத்தோடு சண்டை போட வேண்டியதில்லை. வடாமை வீட்டுக்குள்ளேயே பிழியுங்கள். பழைய வேட்டியில் பிழிவதானால் அதை முழுசாக விரிக்காமல் இரண்டடிக்கு மூன்றடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் அட்டை, முறம், பெரிய தாம்பாளம், பழைய ஒட்டுப்பலகை எதன் மேலாவது விரித்து, கூழ் சூடாக இருக்கும்போதே ஆறே காலுக்குப் பிழிந்துவிடுங்கள். எட்டு மணி வரை விசிறிக்குக் கீழே இருக்கட்டும். பிறகு பலகையோடு தூக்கிக்கொண்டு மாடிக்குப் போங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. எட்டரை மணி வெயிலில், சூடேறிய தரையில் பச்சைக் கூழைப் பிழிந்தால் மேல்தோல் முதலில் காய்ந்து இறுகும், உள்ளே ஈரமாகவே இருக்கும். உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது தோல் வெடிக்கும். பதினோரு மணி விரிசலுக்கு வேகாத மாவு ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம். விசிறிக் காற்றில் ஒன்றரை மணி நேரம் மெதுவாக ஈரம் விட்ட வடாம் அவ்வளவு எளிதில் வெடிக்காது. தரைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கோரைப்பாய் இருந்தால் கீழிருந்து வரும் சூடும் அடங்கும்.

கத்திரி பற்றிப் பக்கத்து வீட்டில் சொன்னது பாதிதான் சரி. மே முதல் வாரத்தில் ஆரம்பித்து மாதக் கடைசி வரை போகிற அக்னி நட்சத்திரத்தில் வெயில் கொளுத்தும், மறுப்பில்லை. ஆனால் கடற்காற்று சீக்கிரம் வந்துவிட்டால் அந்த வெயிலும் புழுக்கமாகிவிடும். திடீரென்று இடிமழை வந்தால் இருநூறு வடாமையும் ஐந்து நிமிடத்தில் அள்ள வேண்டும். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பலமாக அடித்துக் கடற்காற்றை உள்ளே விடாத நாட்கள்தான் உலர்த்துவதற்கு உச்சம். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி தொட்டதே, அந்த மாதிரி நாளில் வடாம் ஒரே பகலில் காயும், போடுகிறவரும் சேர்ந்து காய்ந்துவிடுவார். பங்குனி நடுவிலிருந்து சித்திரை முதல் பாதிக்குள் முடித்துவிடுவதே என் கட்சி. வானிலை மையம் நகரத்துக்குக் காலை எட்டரை, மாலை ஐந்தரை மணி ஈரப்பத அளவு வெளியிடும். முந்தின இரண்டு நாள் மாலை அளவு ஏறிக்கொண்டே போனால் அந்த வாரம் வேண்டாம்.

நாலுமுழம்:

ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. பிளாஸ்டிக் ஷீட்டை மட்டும் விட்டுட்டீங்க.

சூடு கூழை மெல்லிசு பிளாஸ்டிக்ல பிழியாதீங்க. பிளாஸ்டிக் வாடை வடாம்ல ஏறிடும், பொரிக்கும்போது தெரியும். அடியில காத்தும் போகாது, அடிப்பக்கம் வேர்த்துப் போய் கிடக்கும். பழைய வேட்டிதான் சரி. கஞ்சி போடாத, சாயம் இல்லாத, துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன வேட்டி. தண்ணில நனைச்சு நல்லாப் பிழிஞ்சு, சுருக்கம் இல்லாம விரிங்க. 4 முழ வேட்டி ஒண்ணுல உள்ளங்கை அளவு வடாம் ஏறக்குறைய 150 பிடிக்கும்.

துணியில இருந்து வரலைன்னு எல்லாரும் அழுவாங்க. அது சாயந்திரம் முழுக்கக் காய்ஞ்ச பிறகு பிச்சு எடுக்கறதால. முதல் நாள் நாலு மணிக்கு, மேல காய்ஞ்சு உள்ள இன்னும் வளையற பதத்துல, துணியோட கவுத்துப் போடுங்க. துணியோட முதுகுல தண்ணி தெளிச்சு ரெண்டு நிமிஷம் விடுங்க. அப்புறம் துணியைத்தான் வடாம்ல இருந்து உரிக்கணும், வடாமைத் துணியில இருந்து இழுக்கக் கூடாது. தண்ணி தெளிக்கணும், ஊத்தக் கூடாது. உரிச்ச வடாமை ஈரப்பக்கம் மேல இருக்கற மாதிரி தாம்பாளத்துல பரப்பி விசிறிக்குக் கீழ. மறுநாள் வெயில்.

ஜவ்வரிசி வடாமுக்கு மட்டும் ஷீட் பரவாயில்லை, அது துணியில பசை மாதிரி ஒட்டும். அதுவும் கெட்டியான, சாப்பாட்டுப் பொருளுக்குன்னு விக்கிற ஷீட்டா இருக்கணும், கூழை வெதுவெதுன்னு ஆற விட்டு ஊத்தணும்.

கூழ்க்கரண்டி:

நாலுமுழம் சொல்றதுல எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. துணி வடாமுக்கு நல்லதுதான், ஆனா தண்ணி தெளிச்சு உரிக்கறது கடலோரத்துல வேண்டாத வேலை. காய வச்ச ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கற மாதிரி. தாம்பரம் தாண்டினா சரி. திருவான்மியூர்ல கெட்டி ஷீட்தான் என் ஓட்டு. சாயந்திரம் ஓரம் தானா தூக்கும், விரலை விட்டா வந்துடும். கூழைப் பிழியறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஆற விட்டா வாடைப் பிரச்சினையும் வராது.

நாலுமுழம்:

பத்து நிமிஷம் ஆறினா அச்சுல இறங்குமா, அதைச் சொல்லுங்க. ரெண்டையும் பாதிப் பாதி போட்டுப் பார்க்கட்டும், எது வருதோ அதை வச்சுக்கட்டும்.

மாடிப்படி_41:

எல்லாருக்கும் நன்றி. மூணு சந்தேகம்.

ஒண்ணு, தேன்குழல் அச்சு சரியா, வேற அச்சா? ரெண்டு, காலையில அஞ்சு மணிக்கு எழுந்து கிளற முடியாத அன்னிக்கு ராத்திரியே கிளறி வச்சுக்கலாமா? மூணு, பசங்களுக்கு லீவு ஆரம்பிக்குது, பத்து வயசும் ஆறு வயசும். அவங்களுக்கு ஏதாவது வேலை கொடுக்கற மாதிரி சுலபமான வடாம் இருக்கா? காக்காய்க்கு என்ன செய்யறது?

அச்சுநாழி:

அச்சு கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தேன்குழல் அச்சு தப்பில்லை, முறுக்கு மாதிரி சுற்றினதுதான் தப்பு. சுற்றின மேல் சுற்று ஏறின இடமெல்லாம் இரட்டைக் கனம். அந்த இடம் இரண்டு நாளில் காயாது, எண்ணெயிலும் ஊதாது. நடு கல்லாக நின்றதுக்கு வேகாதது முக்கால் பங்கு காரணம் என்றால் இது மிச்சக் கால் பங்கு. அச்சை நகர்த்திக்கொண்டே இழை இழையாக, ஒன்றின் மேல் ஒன்று படாமல் நீளமாகப் பிழியுங்கள். காய்ந்த பிறகு உடைத்துக்கொள்ளலாம். ரிப்பன் அச்சு என்றால் நீளக் கோடு மட்டும். சீக்கிரம் காய வேண்டும் என்றால் ஓமப்பொடி அச்சு: கொத்தாகப் பிழிந்தாலும் இழை மெல்லிசு, நடுவே காற்று போகும், கடலோரத்திலும் இரண்டே நாள்.

ஓமப்பொடி அச்சில் ஒரு வில்லங்கம் உண்டு. மிளகாய் விதையும் முழுச் சீரகமும் கண்ணை அடைத்துவிடும். அடைத்த அச்சை அமுக்கினால் கூழ் மேல் பக்கமாகப் பிதுங்கிக் கையில் வழியும். மிளகாயை உப்போடு அரைத்து வடிகட்டி அந்தத் தண்ணீரை மட்டும் சேருங்கள். சீரகத்தைப் பொடித்துப் போடுங்கள். முழுச் சீரகம் கண்ணில் பட்டால்தான் திருப்தி என்பவர்களுக்குத் தேன்குழல் அச்சுதான்.

கூழை இரவே கிளறி வைக்க வேண்டாம். வெந்த அரிசி மாவு ஆறினால் இறுகிவிடும், பழைய சோறு மறுநாள் விறைப்பது மாதிரி. திரும்பச் சூடு பண்ணினாலும் பழைய இழுவை வராது. காலையில் அரை மணி நேரத்தில் முடிய வேண்டுமென்றால் குக்கர் இருக்கிறது. மாவைத் தண்ணீரில் கரைத்து நேராகக் குக்கரில் ஊற்றாதீர்கள். கூழ் பொங்கி ஆவி போகும் துளையை அடைத்தால் ஆபத்து. உள்பாத்திரத்தில் பாதி மட்டம் வரை ஊற்றி, தட்டு போட்டு மூடி, குக்கர் அடியில் தண்ணீர் விட்டு ஐந்து விசில். திறந்ததும் அடியில் படிந்து கெட்டியாகவும் மேலே தண்ணீராகவும் இருக்கும். பயப்பட வேண்டாம், அடுப்பில் ஐந்து நிமிடம் அடித்துக் கிளறினால் ஒன்றாகிவிடும். ஊற வைத்து ஈர அரவையாக அரைக்கிறவர்கள் அரிசியை அளந்துகொள்ளுங்கள்: அரிசி ஒரு டம்ளருக்கு, அரைக்க விட்டதையும் சேர்த்து மொத்தத் தண்ணீர் 4 டம்ளர்.

பிள்ளைகளுக்கு ஜவ்வரிசி வடாம்தான். அச்சு வேண்டாம், கை வலி இல்லை, ஒரு கரண்டி போதும். ஒரு டம்ளர் மாவு ஜவ்வரிசியை இரவு 2 டம்ளர் தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் இன்னொரு 4 டம்ளர் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கண்ணாடி ஆகிற வரை வேக விடுங்கள், இருபது நிமிடம் ஆகலாம். முக்கால் டீஸ்பூன் உப்பு, பெரியவனுக்கு மிளகாய்த் தண்ணீர், சின்னதுக்கு வெறும் சீரகம். கூழ் இட்லி மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக, கரண்டியிலிருந்து வழிய வேண்டும். ஆறி வெதுவெதுப்பான பிறகு அவர்கள் கையில் குழிக்கரண்டியைக் கொடுங்கள். ஒரு கரண்டி ஊற்றி நிறுத்தினால் தானே வட்டமாகப் பரவும், தேய்க்கக் கூடாது. தேய்த்தால் நடு மெலிந்து கிழியும். இரண்டு வட்டத்துக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி, அந்த அளவை ஆறு வயதுப் பிள்ளை அழகாகப் பார்த்துக்கொள்ளும். பீட்ரூட் சாறு விட்டால் இளஞ்சிவப்பு வரும், வெயிலிலும் எண்ணெயிலும் பாதி போய்விடும், இருந்தாலும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் கொஞ்சமாக, பீட்ரூட் சர்க்கரை எண்ணெயில் சீக்கிரம் சிவக்கும்.

காக்காய்க்குக் கறுப்புக் குடையை விரித்து வைப்பது, கறுப்புத் துணி கட்டுவது எல்லாம் முதல் நாள் வேலை செய்யும். இரண்டாம் நாள் காக்காய்க்குப் பழகிவிடும், குடை மேலேயே உட்காரும். பழைய கொசுவலையை நாலு செங்கல் வைத்துத் தூக்கிக் கட்டுங்கள், வடாமில் படக் கூடாது. பக்கத்தில் கட்டட வேலை நடந்தால் தூசிக்கும் அதுதான் மருந்து. பிள்ளைகளைக் காவலுக்கு வைப்பதானால் பத்து மணி வரை, அப்புறம் நாலு மணிக்கு எடுக்கும்போது. நடுப்பகல் வெயிலில் மாடியில் நிறுத்தாதீர்கள்.

கணக்கில் கால் பங்கு கூடவே போடுங்கள். கிளறும்போதே ஒரு கிண்ணம் கூழை நல்லெண்ணெய் விட்டு வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் உண்டு. சாயந்திரம் பாதி காய்ந்து, மேலே தோலும் உள்ளே மெத்தென்றும் இருக்கிற பதத்தில் தாம்பாளத்துக்கு இருபது குறையும். காக்காய் மேல் பழி போடுவார்கள், காக்காய்க்கு அத்தனை ஆசை கிடையாது.

பரணிக்காரர்:

இவ்வளவு வெயிலையும் வடாமுக்கு மட்டும் விடாதீங்க. பலகையில ஒரு மூலை மோர் மிளகாய்க்கு ஒதுக்குங்க, வேலை ஒண்ணும் பெரிசா இல்லை.

குட்டை குண்டு மிளகாய் அரைக் கிலோ. நீள மிளகாய் காரம் தூக்கும், தோல் மெல்லிசு, சுருங்கிக் குச்சியாப் போகும். கழுவி ஈரம் போகத் துடைச்சு, காம்பை விட்டுட்டு, நுனியில ஒரு கீறல். காம்பைக் கிள்ளினா மோர் உள்ள போய் விதையெல்லாம் வெளிய வந்துடும். புளிச்ச தயிர் அரை லிட்டர், உப்பு 100 கிராம், கொஞ்சம் தண்ணி விட்டுக் கெட்டியாக் கடைஞ்சு, பீங்கான் இல்லைன்னா கண்ணாடியில ரெண்டு நாள் ஊறட்டும். அலுமினியம் வேண்டாம். மூணாம் நாள் காலையில மிளகாயை மட்டும் எடுத்து வெயில்ல, சாயந்திரம் திரும்ப அதே மோர்ல. மோர் பாத்திரமும் பகல்ல வெயில்ல இருக்கட்டும். மூணு நாலு நாள்ல மோர் முழுக்க இழுத்துடும். அப்புறம் நாலஞ்சு நாள் தனி வெயில். பச்சை போய் வைக்கோல் நிறம் வரணும், குலுக்கினா விதை கிலுகிலுன்னு சத்தம் போடணும்.

மேல பூஞ்சை பூத்தா உப்பு குறைச்சல், இல்லைன்னா நடுவுல ரெண்டு நாள் மேக மூடாக்கு. அந்தக் கூட்டத்தைக் கழுவிக் காப்பாத்தப் பார்க்காதீங்க, கொட்டிடுங்க. மூடாக்கு நாள்ல மோர்லயே விட்டு வைங்க, உப்பு காப்பாத்தும். வடாமுக்கு அந்த வசதி கிடையாது, அதனாலதான் சொல்றேன், வெயில் நிச்சயம் இல்லாத வாரத்துல மிளகாய் போடலாம், வடாம் போடக் கூடாது.

மாடிப்படி_41:

இந்த ஞாயிறு போட்டாச்சு. மெஷின்ல அரைச்ச மாவு, ஒண்ணுக்கு மூணு, பன்னெண்டு நிமிஷம், வீட்டுக்குள்ள பிழிஞ்சு எட்டு மணிக்குப் பலகையோட மேல. விரிசல் இல்லை. பாதி வேட்டி, பாதி ஷீட் போட்டேன். வேட்டியில போட்டது நாலு மணிக்குத் தண்ணி தெளிச்சதும் வந்துடுச்சு, ஷீட்ல போட்டது ராத்திரி விசிறிக்கு அப்புறம்தான் தூக்குச்சு. ரெண்டாம் நாள் சாயந்திரம் நாலு பொரிச்சுப் பார்த்தேன், மூணு நல்லாப் பூத்துது, ஒண்ணு மட்டும் எண்ணெய் குடிச்சு மெத்துனு ஆயிடுச்சு. இன்னும் ஒரு நாள் காயணுமா? எப்படித் தெரிஞ்சுக்கறது? டப்பாவுல எப்ப போடலாம்?

நாலுமுழம்:

வேட்டின்னு சொன்னேனா இல்லையா.

கூழ்க்கரண்டி:

ஷீட்டும் வந்துடுச்சு இல்ல, நேரம்தான் கூட.

இன்னும் ஒரு நாள் காயட்டும். வளைச்சுப் பாருங்க. வளைஞ்சா ஈரம், 'டக்'குனு ஒடிஞ்சா சரி. கைநிறைய எடுத்துத் தட்டுல போட்டா கூழாங்கல் மாதிரி சலசலன்னு சத்தம் வரணும், 'தொப்'புனு விழக் கூடாது. பத்து வடாமை வெவ்வேறு இடத்துல இருந்து எடுத்துப் பாருங்க. மாடியில சுவர் நிழல் விழுந்த ஓரத்துல இருந்ததுதான் எப்பவும் பின்தங்கும்.

அந்த ஒண்ணு மெத்துனு ஆனதுக்கு ஈரம் காரணமா இருக்கலாம், எண்ணெய்ச் சூடும் காரணமா இருக்கலாம். ஒரு துண்டு உடைச்சுப் போடுங்க. போட்ட உடனே மேல வந்து பூக்கணும். அடியில போய் யோசிச்சு வந்தா எண்ணெய் காயலை. புகை வந்துட்டா ரொம்பக் காய்ஞ்சது, வடாம் பூக்கறதுக்கு முன்னாடியே செவந்துடும். அகலமான வாணலியில ஒரு தடவைக்கு மூணு, மேல கரண்டியால லேசா அமுக்கி விட்டா ஒரே மாதிரி விரியும். பூத்ததும் எடுத்துடுங்க, மொத்தம் அஞ்சு ஆறு விநாடி வேலைதான். அடுத்தடுத்துப் போட்டா எண்ணெய் ஆறும். நாலாவது வடாமுல எண்ணெய் குடிச்சதுக்கு இதுவும் ஒரு காரணம்.

டப்பாவுல போடறதுக்கு முன்னாடி: வெயில்ல இருந்து சூடா எடுத்து அப்படியே மூடாதீங்க. உள்ள வேர்த்து, ஒரு வாரத்துல பூஞ்சை. நிழல்ல ஒரு மணி நேரம் ஆறட்டும், அப்புறம் இறுக்கமான எவர்சில்வர் டப்பா, விளிம்பு வரைக்கும் நிரப்பி. பாதி டப்பா காலியா இருந்தா ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஈரக்காத்து உள்ள போகும். பெரிய டப்பா ஒண்ணு இருப்பு, சின்ன டப்பா ஒண்ணு அன்றாடத்துக்கு. பத்து நாள் கழிச்சு ஒரு நாள், அப்புறம் ஐப்பசி மழை பிடிக்கறதுக்கு முன்னாடி புரட்டாசியில ஒரு நாள், ரெண்டு மணி நேரம் வெயில் காட்டிட்டு மூடிடுங்க. கார்த்திகை அடைமழையில நமத்துப் போனதைப் பொரிச்சா எவ்வளவு எண்ணெய் காஞ்சாலும் பூக்காது. அந்த நேரத்துல வெறும் வாணலியில, ரொம்பக் குறைஞ்ச தீயில நாலு நிமிஷம் புரட்டி, ஆற விட்டுட்டுப் பொரிங்க.